யப்பான் காரில் பனிக்கால டயர்

கேள்வி: யப்பானிலிருந்து வந்த டொயோட்டா அக்குவா வாங்கினேன். டயரில் 175/65 ஆர் 15 84 கியூ, கூடவே ‘ஸ்டட்லெஸ்’ என்றும் இருக்கிறது. தவாளிப்பு ஆழமாகவே உள்ளது. தொடர்ந்து ஓடலாமா? 16 அங்குல அலோய் வீலுக்கு எந்த அளவு பொருந்தும்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: உடனே மாற்றுங்கள். அது பனிக்கால டயர். 7 பாகைக்குக் கீழும் இறுகாத மென்மையான ரப்பர். தவாளிப்புக் கட்டைகளில் நெருக்கமாக மெல்லிய கீறல்கள் தெரியும், பாருங்கள். கொழும்பின் காலி வீதி வெயிலில் ரப்பர் இளகி, பிரேக் பிடிக்கும்போது அந்தக் கட்டைகள் மடியும். மழையில் கார் நிற்க அதிக தூரம் எடுக்கும். தவாளிப்பின் ஆழத்தை நம்ப வேண்டாம்.

16 அங்குலத்துக்கு 195/50 ஆர் 16. டயரின் மொத்த உயரம் 608 மி.மீ. இலிருந்து 601 ஆகும். சுமை எண் (டயர் தாங்கும் எடையின் குறியீடு) 84க்குக் குறையக்கூடாது. 195/55 என்றால் 621. ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், திருப்பும்போது உரசவும் கூடும். ஆனால் 195/50இலும் பக்கச்சுவரின் உயரம் 114 மி.மீ. இலிருந்து 97 ஆவதால், குழியில் விழுந்தால் அடி ரிம்முக்குத்தான். எங்கள் தெரிவு 15 அங்குலமே.

பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் பழைய ரிம் எடுத்தால் நடுத்துளையை அளவிடுங்கள்: 54.1 மி.மீ. இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் இடைவளையம் போடுங்கள்; இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் அதிரலாம்.