தைலக் குப்பி எங்கே இருக்கிறது? கேள்வி பதில்

கோத்தகிரிப் பக்கம் அப்பாவின் கொட்டகையில் யூக்கலிப்டஸ் இலையைக் கொதிகலனில் திணித்து வளர்ந்தவன் நான். அப்புறம் பார்மசி படித்தேன், இருபது வருடத்துக்கு மேல் மருந்துக்கடை. தைலங்களைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன.

ஈரோடு வாசகர்: ஊட்டியில் வாங்கிய நீலகிரித் தைலம் அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்குப் பிடித்த கேள்வி. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். அசல் தைலம் தடமில்லாமல் பறந்திருக்கும். எண்ணெய்க் கறை நின்றால் உள்ளே மினரல் ஆயில் இருக்கிறது. டர்பன்டைன் கலந்திருந்தால் இந்தச் சோதனை பிடிக்காது, அதுவும் பறந்துவிடும். அதற்கு வேறு வழி: 70 சதவீத ஆல்கஹால் ஐந்து பங்கில் தைலம் ஒரு பங்கு. தெளிவாகக் கரைய வேண்டும். பால்போல் கலங்கினால் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. தைலமரம் ஒரே மரமல்ல. எங்கள் மலையின் நீலப்பச்சை இலை மரத்துத் தைலத்தில் சினியோல் என்ற பொருள் பெரும்பங்கு; மருந்துத் தரத்துக்கு 70 சதவீதமாவது வேண்டும். எலுமிச்சை வாசனை வீசும் இன்னொரு வகையில் இருப்பது சிட்ரோனெல்லால். கொசுவுக்கு அது சரி, மூக்கடைப்புக்கு அது வேலை செய்யாது. நூறு கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தைலம் இறங்கினால் அப்பா அன்று நல்ல மனநிலையில் இருப்பார். ஆக, லிட்டர் கணக்கில் மலிவாகக் கிடைப்பதை என்ன சொல்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

தஞ்சாவூர் வாசகி: எட்டு மாதக் குழந்தைக்குச் சளி. தேங்காயெண்ணெயில் சூடம் காய்ச்சி நெஞ்சில் தடவலாமா? மாமியார் தடவச் சொல்கிறார்.

வேண்டாம் அம்மா. சூடம் தோல் வழியாகவும் உள்ளே போகும், குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும். மென்தால், தைலம் எதையும் கைக்குழந்தையின் மூக்கருகே கொண்டுபோனால் தொண்டை இறுகி மூச்சு தடைபடலாம். இரண்டு வயதுக்குள் இவை எதுவுமே கூடாது. மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடுங்கள், அடிக்கடி பால் கொடுங்கள். மூச்சு வேகமானாலோ, மூச்சிழுக்கும்போது விலா உள்ளே குழிந்தாலோ டாக்டரிடம் ஓடுங்கள். மாமியாரிடம் கடைக்காரர் சொன்னார் என்று பழியை என்மேல் போடுங்கள்.

சென்னை வாசகர்: பல்வலிக்குக் கிராம்புத் தைலம்?

பஞ்சில் ஒரு சொட்டு, சொத்தைக் குழிக்குள் மட்டும். ஈறில் பட்டால் வெந்துவிடும். மறுநாள் பல் மருத்துவர்.

சேலம் வாசகி: ஆறு மாதக் குழந்தை, சளி, உள்ளங்காலில் மட்டும் தைலம்…

தஞ்சாவூருக்குச் சொன்னதேதான். கைக்குழந்தை காலை வாயில் வைக்கும், மறந்துவிடாதீர்கள்.

கடலூர் வாசகர்: எங்கள் பக்கம் விளையும் வெட்டிவேரின் தைலம் ஏன் அந்த விலை?

இலையைப் போல வேர் சீக்கிரம் கொடுத்துவிடாது. ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆவியில் வைத்தால்தான் கனமான பகுதி இறங்கும். அவசரப்பட்டுச் சீக்கிரம் நிறுத்தினால் பச்சை வாடை. பல தைலங்கள் பழசானால் கெடும், இது பழசாகப் பழசாக மணக்கும். சாந்தமான சரக்கு.

மதுரை வாசகி: வீட்டில் பூனை இருக்கிறது. டீ ட்ரீ ஆயிலை, அறையில் மணம் பரப்பும் டிஃப்யூசரில் விடலாமா?

விடாதீர்கள். நம் ஈரல் உடைத்து வெளியேற்றும் பல பொருட்களைப் பூனையின் ஈரலால் அப்படி வெளியேற்ற முடியாது. ரோமத்தில் படிவதை அது நக்கியும் தின்னும். எச்சில் வழிந்து தள்ளாடினால் உடனே கால்நடை மருத்துவர்.

திருச்சி வாசகர்: அப்பாவுக்கு முட்டிவலி, விண்டர்கிரீன் தைலம் தேய்க்கிறோம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார்.

இன்றோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தத் தைலம் ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்குச் சொந்தக்காரப் பொருள். ஒரு மில்லி, 1.4 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். தோல் வழியாகவே போய் வார்ஃபரினோடு சேர்ந்து ரத்தக்கசிவை உண்டாக்கும். குழந்தை ஒரு டீஸ்பூன் விழுங்கினால் இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல். குப்பி எங்கே இருக்கிறது?

திருநெல்வேலி வாசகர்: ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். என் தாத்தா சளி பிடித்தால் சர்க்கரையில் நாலு சொட்டு நீலகிரித் தைலம் விட்டுச் சாப்பிடுவார். 90 வயது இருந்தார்.

தாத்தாவுக்கு என் வணக்கம். என் கடைக்கு வந்தவர்களில் குப்பியைக் குடித்த குழந்தையைத் தூக்கி வந்தவர்களும் உண்டு.

சிங்கப்பூர் வாசகர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஜெர்மனியில் சினியோல் கேப்சூலே விற்கிறார்கள், மூச்சுக்குழல் அழற்சிக்கு. அது மருந்து, தாத்தா செய்தால் தப்பா?

நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கேப்சூலில் 200 மில்லிகிராம்; தாத்தாவின் நாலு சொட்டும் அதைத் தாண்டாது. ஆனால் கேப்சூல் அளந்து அடைத்தது, குடலில் போய்த்தான் உடையும். குப்பி யார் கையில் எப்படிச் சாயும் என்று யாருக்கும் தெரியாது. குழந்தை ஐந்து மில்லி விழுங்கினாலே மயக்கமும் வலிப்பும் வரலாம்.

திருநெல்வேலி வாசகர்: அப்படியானால் தாத்தா சரி என்கிறீர்களா?

தாத்தாவின் கணக்கு சரி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பேரனைப் பற்றித்தான் என் பேச்சு.

காரைக்குடி வாசகி: சித்த வைத்தியத்தில் எத்தனையோ தைலம் இருக்கிறதே, தலைமுறையாகத் தேய்த்துக் குளிக்கிறோமே?

குழப்பமே பெயரில்தான் அம்மா. திலம் என்றால் எள். அதிலிருந்து வந்தது தைலம். நல்லெண்ணெயில் மூலிகை காய்ச்சியது அது, உள்ளங்கை நிறைய எடுத்துத் தேய்க்கலாம். நீலகிரித் தைலம் பிந்தி வந்து அதே பெயரை வாங்கிக்கொண்டது. ஒரு மூட்டை இலையின் சாரம் ஒரு குப்பியில். இதையும் கைநிறைய எடுக்கிறார்கள்.

திருநெல்வேலிக்காரருக்கு: வீட்டில் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். குப்பியோடு ஆஸ்பத்திரிக்கு.

கோவை வாசகி: தோலுக்கு எத்தனை சொட்டு?

30 மில்லி தேங்காயெண்ணெயில் ஆறு சொட்டு, ஏறக்குறைய ஒரு சதவீதம். முகத்துக்கு அதில் பாதி. பிழிந்தெடுத்த எலுமிச்சைத் தைலம் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருகும்.

வேலூர் வாசகர்: வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தலைவலித் தைலம் தடவலாமா?

சூடமும் யூக்கலிப்டஸும் உள்ளதை விடுங்கள். தடவியும் முகர்ந்தும் வலிப்பு வந்தவர்களைப் பற்றிப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நாகர்கோவில் வாசகி: வேப்பெண்ணெய்?

அது பறக்கிற தைலமல்ல, என் கணக்கில் வராது. ஆனாலும் குழந்தை வாயில் விடாதீர்கள்.

விழுப்புரம் வாசகர்: பத்து மாதக் குழந்தை, சளி. கொஞ்சமாக…

கொஞ்சமாகவும் வேண்டாம் தம்பி.

திருநெல்வேலி வாசகர்: சரி, தாத்தாவின் பழைய குப்பி பரணில் இருக்கிறது. பாதி மிச்சம். என்ன செய்ய?

காற்றுப் பட்டுப் பழசானது தோலில் பட்டால் அரிக்கும், தடவாதீர்கள். தரை துடைக்கும் தண்ணீரில் நாலைந்து சொட்டு விட்டுத் தீருங்கள். பூனை இருந்தால் அதுவும் வேண்டாம்.