டிஸ்சார்ஜ் புக்கில் விட்டுப்போன 1971 போர்ப் பதக்கங்களை இப்போது சேர்க்க முடியுமா?

கேட்டிருப்பது இது: தாத்தா தரைப்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 78. 1971 போரின்போது எல்லையில் இருந்தார். ஆனால் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கில் (ஓய்வின்போது ராணுவம் தரும் சேவைப் பதிவுப் புத்தகம்) அந்தப் போருக்கான பதக்கம் எதுவும் எழுதப்படவில்லை. இத்தனை வருடம் கழித்துச் சேர்ப்பார்களா, யாரிடம் கேட்பது?

சேர்ப்பார்கள். என் அப்பாவுக்கு 2019-ல் சேர்த்தோம். போர் முடிந்து 48 வருடம் ஆகியிருந்தது.

அப்பா 1968-ல் பட்டாளத்தில் சேர்ந்து 1985-ல் பென்ஷனோடு வந்தவர். வேலூர் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்கு ஒருவர் மிலிட்டரியில் இருப்பது அங்கே சாதாரணம். மூடியில் அவருடைய ஆர்மி நம்பர் வெள்ளை பெயின்ட்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் புக் அதில்தான் இருக்கும். நாங்கள் யாரும் அதைத் திறந்து முழுதாகப் படித்ததில்லை. பென்ஷன் விஷயமாக ஒருநாள் ஜெராக்ஸ் எடுக்கும்போதுதான் பதக்கங்களுக்கான பக்கத்தைப் பார்த்தேன். மூன்றே வரி. சைன்ய சேவா மெடல், சுதந்திர தின 25-வது ஆண்டு மெடல், ஒன்பது வருட நீண்ட சேவை மெடல். அந்த டிசம்பர் முழுக்க ராஜஸ்தான் எல்லையில் இருந்தவருக்கு 1971 பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு முன்பே தெரியும். "நான் இருந்தது எனக்குத் தெரியும், கூட இருந்தவனுக்குத் தெரியும். போய்க் கேட்டு வாங்கணுமாம்மா?" என்றார். உங்கள் தாத்தாவும் இப்படித்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். அந்தத் தலைமுறை ஜவான்களுக்குப் பதக்கம் கேட்பது என்றாலே கை நீட்டுவது மாதிரி. அதனால் ஒன்றை முதலில் அவருக்குப் புரிய வையுங்கள். நாம் விருது கேட்கவில்லை. கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அதை எழுதச் சொல்கிறோம்.

இது பேச்சுக்காகச் சொல்வதல்ல, விதியே அப்படித்தான். வீர் சக்ரா, சேனா மெடல் போன்றவை ஒருவர் செய்த செயலுக்காகத் தேர்ந்தெடுத்துத் தருபவை. அவை அரசிதழில் வெளியாகும். அந்த வகையில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அரசிதழ் அறிவிப்பைத்தான் தேட வேண்டும். போர் நட்சத்திரங்களும் சேவைப் பதக்கங்களும் வேறு. குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட பகுதியில் பணியில் இருந்தாலே அவை உரிமையாக வந்துவிடும். யாரும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. 1971-ல் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். இது தவிர சங்க்ராம் மெடல் என்று ஒன்று உண்டு. எல்லையோர மாநிலங்களில் அந்தக் காலத்தில் பணியில் இருந்தவர்களுக்கு அது. முன்னணியில் நின்று சுட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்டார் கிடைத்தவர்களில் பலருக்கு இதுவும் சேர்ந்தே வந்திருக்கும். 1972 ஆகஸ்ட் 15 அன்று சீருடையில் இருந்தவர்களுக்கு 25-வது ஆண்டு மெடல். தாத்தா 1965-க்கு முன்பே சேர்ந்திருந்தால் சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சைன்ய சேவா மெடல் இருந்தால் அதில் என்ன கிளாஸ்ப் (மெடல் ரிப்பனில் மாட்டும் சிறு பட்டை) எழுதியிருக்கிறது என்றும் கவனியுங்கள். எந்தப் பகுதியில் இருந்தார் என்பதை அந்தப் பட்டையே சொல்லிவிடும்.

சரி, உரிமையாக வர வேண்டியது எப்படி விட்டுப்போகும்? அப்பா விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன், நிறையப் பேருக்கு இப்படித்தான் நடந்திருக்கிறது. இந்த ஸ்டார்கள் நிறுவப்பட்டதே 1973-ல். போர் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் யூனிட்டுகளில் பெயர்ப் பட்டியல் தயாரானது. அப்பா 1972 ஆகஸ்டிலேயே வேறு யூனிட்டுக்குப் போய்விட்டார். பழைய யூனிட்காரர்கள் 'ஆள் இங்கே இல்லை' என்று விட்டுவிட்டார்கள். புது யூனிட்டில் 'அது அங்கே போட்டிருப்பார்கள்' என்று விட்டுவிட்டார்கள். மஞ்சள் காமாலை வந்து ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்தவர், கோர்ஸுக்குப் போயிருந்தவர், லீவில் இருந்தவர் எல்லாருக்கும் இதே கதைதான்.

ராணுவத்தில் ஒரு ஜவானின் வாழ்க்கையில் எது நடந்தாலும் அது பார்ட் டூ ஆர்டர் என்ற உத்தரவில் வர வேண்டும். கல்யாணம், குழந்தை பிறப்பு, லீவு, பதவி உயர்வு, பதக்கம், எல்லாமே அதில்தான். யூனிட் அதை வெளியிட்டால்தான், அவருடைய படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸில், ஷீட் ரோல் என்ற அவருடைய சேவைப் பதிவில் ஏறும். ஷீட் ரோலில் இருப்பதுதான் கடைசியில் டிஸ்சார்ஜ் புக்குக்கு வரும். ஆகவே நீங்கள் தேட வேண்டியது அந்த ஒரு உத்தரவின் எண்ணையும் தேதியையும். அது கிடைத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

முதல் படி, தாத்தாவின் ரெக்கார்டு ஆபீஸ் எது என்று தெரிந்துகொள்வது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு. பீரங்கிப் படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், இ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியாளர் படை) செகந்திராபாத், மருத்துவப் படை லக்னோ. விமானப்படை என்றால் டெல்லி சுப்ரதோ பார்க். டெல்லி தலைமையகத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள், நேராக இங்கே எழுதுங்கள்.

அடுத்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. தபால் நிலையத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், ஒரு வெள்ளைத்தாள், போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். இதில் நாங்கள் ஒரு தவறு செய்து இரண்டு மாதம் வீணானது. மனுவை நான் என் பெயரில் போட்டேன். மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்று திருப்பிவிட்டார்கள். தாத்தாவே கையெழுத்துப் போடட்டும், கை நடுங்கினாலும் பரவாயில்லை. அவர் இல்லாத குடும்பம் என்றால் பாட்டி பெயரில், பென்ஷன் ஆவண நகலோடு போட வேண்டும்.

மனுவில் 'ஏன் பதக்கம் தரவில்லை' என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டத்தில் ஆவணத்தைத்தான் கேட்க முடியும், காரணத்தை விசாரிக்க முடியாது. நாங்கள் இரண்டாவது முறை கேட்டது மூன்றே விஷயம். ஷீட் ரோலின் சான்றிட்ட நகல். எந்த யூனிட்டில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தார் என்ற விவரம். பதிவேட்டில் உள்ள பதக்கங்களும் அவற்றுக்கான பார்ட் டூ ஆர்டர் எண்களும். நான்கு பக்கம் வந்தது. அதில் அப்பா பழைய யூனிட்டின் ஆள்கணக்கில் 1972 ஆகஸ்ட் வரை இருந்தார் என்று தெளிவாக இருந்தது. டிசம்பரில் அவர் அங்கேதான் இருந்தார் என்பதற்கு அரசு முத்திரையோடு ஒரு காகிதம் கையில் வந்துவிட்டது.

இன்னும் ஒன்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த யூனிட்டுக்கு ஸ்டார் உண்டு என்பதை. இதற்குக் கூட இருந்தவர் ஒருவர் வேண்டும். நவம்பர் மாதம் பென்ஷன்தாரர்கள் வாழ்வுச் சான்றிதழ் கொடுக்க பேங்க்குக்கு வருவார்கள் அல்லவா, அந்த வரிசையில் அப்பா தன் பழைய கம்பெனி ஆளைப் பார்த்தார். செங்கம் பக்கத்துக்காரர், சுபேதாராக ஓய்வு பெற்றவர். அடுத்த வாரம் அவர் தன்னுடைய டிஸ்சார்ஜ் புக்கை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கே வந்தார். பஸ்சிமி ஸ்டார் என்று நீல மையில் எழுதி, பக்கத்திலேயே பார்ட் டூ ஆர்டர் எண்ணும் தேதியும் இருந்தது. அப்பா அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தார். அப்புறம் என்னிடம் பேனா கேட்டு, அந்த எண்ணைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். அதுவரை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அன்றிலிருந்து தபால்காரர் வரும் நேரத்துக்குத் திண்ணையில் உட்கார ஆரம்பித்தார்.

உங்கள் தாத்தாவுக்கு அப்படி ஒருவரைத் தேட வேண்டும் என்றால் சி.எஸ்.டி. என்ற ராணுவ கேன்டீன், முன்னாள் படைவீரர் சங்கங்கள், ரெஜிமென்ட் ஒன்றுகூடல்கள், இவைதான் இடம். சீக்கிரம் தேடுங்கள். 1971-ல் இருபது வயதாக இருந்தவருக்கே இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்தச் சுபேதார் எங்கள் வேலை முடிந்த அடுத்த வருடம் காலமானார்.

வீட்டுக் காகிதங்களையும் தள்ளிவிடாதீர்கள். அம்மா பழைய கடிதங்களை ஹார்லிக்ஸ் டின்னில் போட்டு வைத்திருந்தார். அதில் 1971 டிசம்பரில் அப்பா எழுதிய இரண்டு ராணுவ இன்லேண்ட் லெட்டர்கள். அனுப்புநர் இடத்தில் நம்பர், பெயர், யூனிட், கீழே 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலைய எண்). களத் தபால் நிலையத்தின் வட்ட முத்திரையில் தேதி. இது மட்டுமே போதாது, ஏனென்றால் ராணுவத் தபால் முகவரி இடத்தைச் சொல்லாது. ஆனால் ஷீட் ரோலோடு சேர்த்து வைத்தால் நல்ல துணை ஆதாரம். போட்டோ, லீவு சான்றிதழ், ரயில்வே வாரண்ட் துண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, எது இருந்தாலும் நகல் எடுத்து வையுங்கள். போரில் காயம் பட்டவர் என்றால் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் மிக முக்கியம். காயப் பதக்கத்துக்கும் போர்க்காய பென்ஷனுக்கும் அடிப்படை அவர் போர்க்காயம் அடைந்தவராகப் பதிவாகியிருக்கிறாரா என்பதுதான். மற்ற சேவைப் பதக்கங்களால் பென்ஷனில் ஒரு ரூபாய்கூட மாறாது, அதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் கையில் வந்த பிறகு ரெக்கார்டு ஆபீஸுக்கு விண்ணப்பம். எங்களுடையது ஒன்றரைப் பக்கம். இந்தத் தேதியில் இந்த யூனிட்டில் இருந்தேன், இணைப்பு ஒன்று. அதே யூனிட்டில் இருந்தவருக்கு இந்த உத்தரவின்படி ஸ்டார் பதிவாகியிருக்கிறது, இணைப்பு இரண்டு. என் பெயர் விட்டுப்போயிருக்கிறது, பதிவைச் சரிசெய்து டிஸ்சார்ஜ் புக்கிலும் எழுதித் தரவும். அவ்வளவுதான். போர்க் கதையெல்லாம் எழுத வேண்டாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக அனுப்பினோம். அங்கே ஒரு எழுத்தர், அவரும் முன்னாள் ஜவான், இணைப்புகளுக்கு எண் போடுவதிலிருந்து கூட உட்கார்ந்து செய்து கொடுத்தார். நேரடியாக ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பலாம். ஆனால் அந்த அலுவலகத்தின் முகப்புக் கடிதம் இருந்தால் பதில் ஒழுங்காக வருகிறது.

பதிவு செய்வதற்கு மூல டிஸ்சார்ஜ் புக்கையே கேட்டார்கள். அனுப்புவதற்கு முன் எல்லாப் பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, நகல் எடுத்துவிடுங்கள். பெயரின் எழுத்து பென்ஷன் ஆணையிலும் ஆதாரிலும் வேறு வேறாக இருந்தால் அதே விண்ணப்பத்தில் அதைக் கலக்காதீர்கள். அது தனி வேலை, சேர்த்தால் இரண்டும் நின்றுபோகும்.

எங்களுக்கு மொத்தம் பதினான்கு மாதம் ஆனது. நடுவில் 'ஆவணங்கள் இல்லை' என்று ஒரு கடிதம் வந்தது. அதோடு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் சேவைக் கோப்புகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழித்துவிடுவது உண்மைதான். ஆனால் லாங் ரோல் என்ற பதிவேட்டை நிரந்தரமாக வைத்திருப்பார்கள். அப்பா பென்ஷன்காரர், அவருடைய ஷீட் ரோலின் நகலையே அவர்கள் ஏற்கனவே கொடுத்திருக்கிறார்கள். அதைச் சுட்டிக்காட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி முதல் மேல்முறையீடு போட்டோம். 30 நாளுக்குள் போட வேண்டும், கட்டணம் இல்லை. அதன் பிறகுதான் உத்தரவின் நகலும் கிடைத்தது. எழுத்து மூலம் மறுத்தால் கடைசி வழி ஆயுதப்படைத் தீர்ப்பாயம், சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

புத்தகம் பதிவுத் தபாலில் திரும்பி வந்தது. பழைய மூன்று வரிக்குக் கீழே புது மையில் இரண்டு வரி, பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல், ஓரத்தில் அதிகாரியின் முத்திரை. மெடல்கள் அதோடு வரவில்லை, இருப்பு வந்ததும் அனுப்புவதாகக் கடிதம். ராணுவக் கடைகளில் நகல் கிடைக்கும், வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். அசல் மெடலின் விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும், வரட்டும் என்று சொல்லிவிட்டார். இரண்டாவது வருடம் வந்தது. வெண்கல நிறத்தில் ஐந்து முனை நட்சத்திரம். கண்ணாடி போட்டுக்கொண்டு விளிம்பைத் திருப்பித் திருப்பி, டிரங்குப் பெட்டி மூடியில் இருக்கும் நம்பரோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்த்தார்.

தாத்தா எந்த ரெஜிமென்ட் அல்லது கோர், 1971 டிசம்பரில் எந்தப் பகுதியில் இருந்தார், இந்த இரண்டையும் கீழே எழுதுங்கள். எந்த ரெக்கார்டு ஆபீஸுக்கு எப்படி மனு எழுதுவது என்று சொல்கிறேன். அவருடைய ஆர்மி நம்பரை மட்டும் பொதுவில் போட வேண்டாம்.