கிட்டை அப்புறம் திட்டலாம்

கேள்வி: ஒரே வாலன்டியரோட ரத்தத்துல ஐஎல்-6, ஐஎல்-8 (அழற்சி வந்தா ஏறுற சிக்னல் புரதங்க) ரெண்டையும் எலிசால (ஆன்டிபாடி வச்சு புரதத்தை அளக்குற டெஸ்ட்) பாக்குறேன் சார், நம்பர் ஒரு தடவை மாதிரி இன்னொரு தடவை வரவே மாட்டேங்குது. எலிசா கிட்டை மாத்திடவா?
– ஒரு ஆராய்ச்சி மாணவி

பதில்: கிட்டை அப்புறம் திட்டலாம்மா, ரத்தம் எடுத்ததுக்கும் ஃப்ரீசருக்குப் போனதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் ஆச்சுன்னு யாராவது எழுதி வச்சாங்களான்னு மொதல்ல பாருங்க. டியூப்ல இருக்குற செல்லுங்க உயிரோடதான் இருக்கு, ரூம் சூட்டுல மணிக்கணக்கா கெடந்தா அதுங்களே ஐஎல்-8-ஐ வெளிய விட ஆரம்பிச்சிடும், அப்புறம் நீங்க அளக்குறது ஆளோட உடம்பையா டியூப்பையான்னே தெரியாது. சீரம் (ரத்தம் உறைஞ்சப்புறம் பிரியற தெளிவான நீர்) எடுக்கறப்ப ரத்தம் உறையற நேரத்துலயும் இதே தொல்லைதான், அதனால என் ஓட்டு ஈடிடிஏ பிளாஸ்மாவுக்கு (ஈடிடிஏ போட்டு உறையாம தடுத்த ரத்தத்துலேர்ந்து பிரிக்குற நீர்), எடுத்த கையோட சென்ட்ரிஃபியூஜ் பண்ணி சின்னச் சின்ன டியூப்ல பிரிச்சு மைனஸ் 80 டிகிரி செல்சியஸ்ல வச்சிடுங்க, உருக்கி உருக்கி திரும்ப உறைய வைக்காதீங்க. பாதி சாம்பிள் சீரம், பாதி பிளாஸ்மான்னு மட்டும் கலந்துடாதீங்க, ஒப்பிடவே முடியாது. ஐஎல்-6 பகல்ல ஒரு அளவு ராத்திரில ஒரு அளவுன்னு மாறும், எக்சர்சைஸ் பண்ணாலும் ஏறும், அதனால தினமும் ஒரே நேரத்துல எடுங்க.

ஒரே ஆளோட சாம்பிள் எல்லாத்தையும் ஒரே பிளேட்ல (எலிசா பண்ற குழித்தட்டு) ஒண்ணா ஓட்டுங்க, டூப்ளிகேட் (ஒவ்வொரு சாம்பிளையும் ரெண்டு குழில) கட்டாயம், எல்லா பிளேட்லயும் ஒரே கன்ட்ரோல் சாம்பிளைப் போடுங்க. ஸ்டாண்டர்ட் கர்வ்ல (அளவு தெரிஞ்ச சாம்பிளுங்களை வச்சு வரையற கோடு) நேர்கோடு போட்டு ஆர் ஸ்கொயர் (கோடு எவ்வளவு பொருந்துதுன்னு சொல்ற எண்) 0.99 வந்திடுச்சுன்னு சந்தோஷப்படுறவங்க நெறைய பேரு (கைடுங்களும் உண்டு!), ஆரோக்கியமான ஆளுக்கு ஐஎல்-6 பெரும்பாலும் ஒரு மில்லிக்கு சில பிகோகிராம்தான், அந்தக் கர்வோட அடிமட்டத்துலதான் தப்பு ஒளிஞ்சிருக்கும், நேர்கோட்டுக்குப் பதிலா நாலு பாராமீட்டர் ஃபிட் (எஸ் மாதிரி வளையற கோடு) போட்டுப் பாருங்க. அப்பவும் ஆடுச்சுன்னா கிட்டைப் பத்தி பேசலாம்.