இளைப்பும் நடைவண்டியும்: பாளையங்கோட்டை பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

கேள்வி (முக்கூடல்): அப்பாவுக்கு 68 வயது. முப்பது வருடம் பீடி குடித்தவர், சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்கிறார்கள். கால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தெருமுனை போவதற்குள் மூச்சு முட்டுகிறது. சக்கரம் வைத்த வாக்கர் வாங்கச் சொல்கிறார் டாக்டர். கால் நன்றாக இருப்பவருக்கு அது எதற்கு?

பதில்: அது காலுக்கு இல்லை, மூச்சுக்கு. இந்த நோயில் இழுத்த காற்று முழுதாக வெளியே போவதில்லை. வேகமாக நடந்தால் நெஞ்சில் இன்னும் தேங்கி, உதரவிதானம் (நெஞ்சுக்குக் கீழே உள்ள மூச்சுத் தசை) தட்டையாகித் திணறும். சற்று முன்னால் சாய்ந்தால் அதற்குக் கொஞ்சம் வசதி கிடைக்கும். கைகளையும் ஊன்றிக்கொண்டால், தோளைத் தாங்கும் தசைகள் விலாவைத் தூக்கி மூச்சுக்கு உதவ வந்துவிடும். இளைக்கும்போது அப்பா முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நிற்பார், கவனித்திருப்பீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் உடம்பே கண்டுபிடித்த வழி அது. ரோலேட்டர், அதாவது டாக்டர் சொன்ன சக்கர வாக்கர், பிடித்தால் அதே நிலையில் நடக்கலாம், முடியாதபோது அதன் சீட்டிலேயே உட்காரலாம்.

எல்லாருக்கும் இது தேவையில்லை. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்கும் ஒரு சோதனை உண்டு. டொராண்டோ ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், அந்தச் சோதனையில் 300 மீட்டரைத் தொட முடியாதவர்களுக்குத்தான் வண்டியால் தூரம் நன்றாகக் கூடியது. 450 மீட்டர் நடப்பவர் காசைச் செலவழிக்க வேண்டாம். அப்புறம், உட்காரும் முன் இரண்டு பிரேக்கையும் பூட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (மேலப்பாளையம்): மாமியாருக்கு வாங்கிய நாலு கால் அலுமினிய வாக்கர் வீட்டில் கிடக்கிறது. எனக்கும் இளைப்பு. அதுவே போதுமா?

பதில்: சக்கரம் இல்லாததா? வேண்டாம். அடிக்கு அடி தூக்கி வைக்க வேண்டும். மூச்சுக்கு உதவ வேண்டிய தசை வாக்கரைத் தூக்கப் போய்விடும்.

கேள்வி (பேட்டை): எந்தக் கம்பெனி நல்லது, என்ன விலை?

பதில்: கம்பெனி பெயரும் விலையும் சொல்ல மாட்டேன். சக்கரம் பெரிதாக இருக்கட்டும், நம் தெருக்களில் சின்னச் சக்கரம் மாட்டிக்கொள்ளும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதுதான் கைப்பிடி உயரம். நடக்கப் போகிறவரையே கடைக்குக் கூட்டிப்போய் நடக்க வைத்துப் பாருங்கள். பிரேக்கை அவரே அழுத்திப் பார்க்கட்டும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): அண்ணாச்சி, இதெல்லாம் காசு பிடுங்குற வேலை. எங்கள் பெரியப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வயலுக்குப் போய் வருகிறார். ஏறி ஓட்டுவதே கிடையாது. தள்ளினால் இளைப்பு தெரியவில்லை என்கிறார்.

பதில்: பெரியப்பா கெட்டிக்காரர். ஹேண்டில்பாரில் கை ஊன்றிச் சாய்ந்து நடக்கிறார், பாதி ரோலேட்டர் அதுவே. மீதிப் பாதிதான் சிக்கல். சைக்கிள் இரண்டு சக்கரத்தில் நிற்கிறது, பக்கவாட்டில் சாயும். ஒரு பக்கமாக நின்று தள்ளுவதால் உடம்பு திருகும். மூச்சு முட்டும்போது உட்கார இடம் கிடையாது. தலை சுற்றினால் சைக்கிள் அவரைத் தாங்காது, அவர்தான் சைக்கிளைத் தாங்க வேண்டும்.

கேள்வி (தென்காசி): அம்பாசமுத்திரத்துக்காரர் சொல்வதுதான் சரி. வண்டி பிடித்துப் பழகினால் கால் பலம் போய்விடும்.

பதில்: கால் பலம் போவது நடக்காமல் இருப்பதால். மூச்சுக்குப் பயந்து திண்ணையில் உட்கார்ந்தவருக்குத் தொடை மெலிகிறது. மெலிந்த தொடை சீக்கிரம் களைக்கிறது, நடந்தால் இளைப்பு இன்னும் கூடுகிறது, மறுபடி திண்ணை. வண்டியோடு கூடுதலாக நடந்தால் காலுக்கு வேலைதான். ஆனால் வாங்கி மூலையில் நிறுத்திவிட்டால் ஒரு பயனும் இல்லை. அப்படி நிற்கிற வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் கூச்சம்தான்.

கேள்வி (வண்ணார்பேட்டை): வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் இருக்கிறது. நடந்து இளைத்தால் லிட்டரைக் கூட்டிக்கொள்ளலாமா?

பதில்: நீங்களாகக் கூட்டக் கூடாது. சி.ஓ.பி.டி.யில் பலருக்கு ரத்த ஆக்ஸிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரைதான் இலக்கு. அளவு மீறினால் சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயக்கம் வரும். நடக்கும்போது எத்தனை லிட்டர் என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மெஷின் ஓடும் அறையில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் கூடாது.

கேள்வி (டவுன்): ரோலேட்டர் என்ன விலை?

பதில்: பேட்டைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (பாளையங்கோட்டை): கம்பு ஊன்றினால் போதாதா?

பதில்: கம்பு ஒரு கைக்கு, தடுமாற்றத்துக்கு. இளைப்புக்கு இரண்டு கையும் ஊன்ற வேண்டும். முக்கூடலுக்குச் சொன்ன பதிலில் காரணம் இருக்கிறது.

கேள்வி (அம்பாசமுத்திரம், மறுபடி): பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். சைக்கிளை விட மாட்டேன் என்கிறார்.

பதில்: விட வேண்டாம் அண்ணாச்சி. கேரியரில் உரமூட்டை ஏற்றாமல், இன்ஹேலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழியில் உட்காரத் திட்டு இருக்கிற பாதையாகப் போகட்டும். ஒருநாள் இங்கே கூட்டி வாருங்கள். ஒரே தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் சைக்கிளோடு, நன்றாக ஓய்வெடுத்தபின் ஆறு நிமிடம் ரோலேட்டரோடு நடக்க வைப்போம். விரலில் ரத்த ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிமீட்டர் இருக்கும். எது நல்லது என்று அவரே சொல்லட்டும். சைக்கிளுக்கும் பிரேக் பார்த்துவிட்டு வாருங்கள்.