சென்னையின் எஃப்சியின் சிறந்த அணி எது: 2015 அணியா, 2018 அணியா?

இரண்டுமே ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துக் கோப்பையை வென்ற அணிகள். என் ஓட்டு 2018-க்குத்தான்.

2015-இல் முன்கள வீரர் மென்டோசா மட்டும் 13 கோல் அடித்தார். கோவாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் கடைசி நேர வெற்றி கோலும் அவருடையதே. ஆனால் அவரைக் கட்டிப்போட்டால் அணியே முடங்கிவிடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

2018 இறுதிப் போட்டி பெங்களூரு எஃப்சிக்கு எதிராக, அவர்களுடைய பெங்களூரு மைதானத்திலேயே நடந்தது. 9-ஆவது நிமிடத்தில் பெங்களூருவின் சேத்ரி கோல் போட்டதும் குன்னூர் டீக்கடையில் டிவி முன் நின்ற எங்களுக்குப் பேச்சே எழவில்லை. பிறகு நெல்சன் கார்னர் அடிக்க, தடுப்பாட்டக்காரர் மெயில்சன் எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் முட்டினார். இடைவேளைக்குச் சற்று முன் அதே போல இன்னொன்று! மூன்றாவதை ரஃபேல் அகஸ்டோ போட்டார். 3-2. தடுப்பாட்டக்காரரே இரண்டு கோல் போடும் அணியில் யாரைக் கட்டிப்போடுவது?

அந்த சீசனில் நடுக்களத்தில் பந்தைப் பறித்துக் கொடுத்துக்கொண்டே இருந்த சென்னைக்காரர் தனபால் கணேஷைப் பலர் மறந்துவிட்டது எனக்கு வருத்தம். எங்கள் தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் எல்லாப் பையன்களுக்கும் முன்கள வீரராகத்தான் ஆசை. கணேஷின் ஆட்டத்தைப் பாருங்கள் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.