மிட்வெஸ்ட் அத்லெட்டிக் அசோசியேஷன் என்ன ஆனது?

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் கறுப்பினக் கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டமைப்புகளில் சி.ஐ.ஏ.ஏ. (1912), ஸ்வாக் (1920) எல்லாம் இன்றும் இருக்க, மிட்வெஸ்ட் மட்டும் எப்படி மறைந்தது?

1930களின் தொடக்கத்தில் பிறந்தது அது. வெள்ளையர் கல்லூரிகளின் கூட்டமைப்புகளில் இடமில்லை. ஆகவே கென்டக்கி ஸ்டேட், ஒஹையோவின் வில்பர்ஃபோர்ஸ், வெஸ்ட் வர்ஜீனியா ஸ்டேட், நாஷ்வில்லின் டென்னசி ஏ அண்ட் ஐ போன்றவை தங்களுக்குள் சேர்ந்துகொண்டன. வரைபடத்தைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாநிலம். அடுத்த ஊர் ஆட்டத்துக்கே நாள் முழுக்கப் பயணம், வழியில் பல ஓட்டல்களில் சாப்பாடும் கிடைக்காது, அறையும் கிடைக்காது.

இங்கே ஜான் மெக்லெண்டனைச் சொல்லியே ஆக வேண்டும். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்திடமே கான்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஆனால் கறுப்பர் என்பதால் அங்கே அணியில் ஆட முடியவில்லை. பிறகு டென்னசி ஏ அண்ட் ஐ பயிற்சியாளரானார். சிறிய கல்லூரிகளின் தேசியக் கூட்டமைப்பான என்.ஏ.ஐ.ஏ. தன் கான்சஸ் சிட்டி போட்டிக்கு அழைத்தபோது, மற்ற அணிகள் தங்கும் ஓட்டலிலேயே என் பையன்களுக்கும் அறை வேண்டும் என்றார். கிடைத்தது. 1957, 58, 59 என்று தொடர்ந்து மூன்று முறை என்.ஏ.ஐ.ஏ. கோப்பை அவர்களுக்கே.

சரி, வீழ்ச்சி? என் பார்வையில் அந்த வெற்றியிலேயே அதன் விதையும் இருந்தது. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற 1954 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் நிறச்சுவர் இடியத் தொடங்க, தேசியப் போட்டிகளும் வேறு கூட்டமைப்புகளும் திறந்தன. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, 1960களில் சங்கம் கலைந்தது.