ரெக்கே யார் கொடுத்தது?

கேள்வி: லண்டனின் 'தி ஸ்லிட்ஸ்' என்ற பெண்கள் பங்க் இசைக்குழுவின் 'கட்' ஆல்பத்தில் கேட்கும் ரெக்கே என்ற ஜமைக்கா இசை, தயாரிப்பாளர் டென்னிஸ் போவெல் போட்டுக் கொடுத்ததுதானே? கருவி வாசிக்கவே தெரியாத பெண்களை அவர்தான் கரை சேர்த்தார் என்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

பதில்: அப்படிச் சொல்கிறவர்கள் முன்பின் மாற்றிச் சொல்கிறார்கள். போவெல் வந்தது 1979-இல். அதற்கு இரண்டு வருடம் முன்பே ரெக்கே அவர்கள் காதில் ஏறிவிட்டது. பங்க் குழுக்கள் மேடை ஏறிய லண்டன் ராக்ஸி கிளப்பில் இசைத்தட்டு போட்டவர் டான் லெட்ஸ். அன்றைக்கு பங்க் என்ற முரட்டு ராக்கின் இசைத்தட்டுகளே அபூர்வம் என்பதால், ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும்வரை ஜமைக்காவின் ரெக்கேயும், அதிலிருந்து பாட்டைக் குறைத்து தாளத்தையும் எதிரொலியையும் முன்னால் வைக்கும் டப்பும்தான் ஓடும். ஸ்லிட்ஸ் வளர்ந்தது அந்தக் கூட்டத்துக்குள். பாடகி ஆரி அப் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 14.

வாசிக்கத் தெரியாமல்தான் மேடை ஏறினார்கள். மறுக்கவில்லை. அதே ஊரில் அதே வருடம் அப்படியே ஏறிய பையன்களுக்குத் 'துணிச்சல்காரர்கள்' என்று பெயர் கிடைத்தது. இவர்களுக்கு மட்டும் இன்றுவரை 'வாசிக்கத் தெரியாதவர்கள்'. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

'நியூடவுன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1977-இல் ஜான் பீலின் பிபிசி வானொலி நிகழ்ச்சிக்காகப் பதிவு செய்தபோது அது வேகமான பங்க். 'கட்' ஆல்பத்தில் அதே பாட்டு நிதானத்துக்கு வந்துவிடுகிறது. விவ் அல்பர்டைனின் கிட்டார் சுரண்டலாகச் சுருங்கி ஒதுங்க, டெஸ்ஸா பாலிட்டின் பாஸ் கிட்டார் பாட்டைத் தாங்கி நடக்கிறது. விட்ட இடைவெளிகளில் தீப்பெட்டி குலுங்குகிறது, குச்சி உரசுகிறது, ஸ்பூன் கீழே விழுகிறது, எல்லாம் தாளத்தோடு. போதைப் பழக்கத்தைப் பற்றிய பாட்டில் அந்தச் சத்தங்களுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. அது போவெலின் கைவேலை. பார்படோஸில் பிறந்து லண்டனில் 'மட்டும்பி' என்ற ரெக்கே குழுவை நடத்திய அவருடைய மேதைமையை நான் குறைக்கவே மாட்டேன். ஆனால் பாட்டு அவருக்கு முன்பே இருந்தது. அந்த இசையின் மேல் ஆசையும் இருந்தது.

(டிரம்ஸில் மட்டும் பட்ஜி என்ற ஆண். முன்பு டிரம்ஸ் வாசித்த பால்மாலிவ் அதற்குள் விலகி, இன்னொரு பெண்கள் குழுவான 'தி ரெய்ன்கோட்ஸ்' பக்கம் போய்விட்டார்.)

இரண்டு 'நியூடவுன்' பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பாடுகிறவரை விட்டுவிட்டு பாஸை மட்டும் தொடருங்கள். அதன் பிறகும் 'வாசிக்கவே தெரியாத பெண்கள்' என்று தோன்றினால், மறுபடி எழுதுங்கள்.